மதகு

பதினோராம் மாடி. இரவுப்பணி.
கண்ணாடிக் குடுவையின் வெந்நீரில்
காய்ந்த செவ்வந்திப் பூக்கள் மெல்ல விரிகின்றன.
இன்று வந்த பட்டியலில் மூன்றாவது சொல்:
பாங் தெரூய்.

ஒருமுறை படித்தேன். இன்னொரு முறை படித்தேன்.
பிறகு மற்ற சொற்களைப் போலவே
அதையும் தட்டி உள்ளே அனுப்பினேன்.
மூன்றே எழுத்து. கால் நிமிடம்கூட ஆகவில்லை.
போன வாரம்வரை இதே பட்டியலின் அடியில்
கையெழுத்தாக இருந்த பெயர்.

ஹுவாய் ஆற்றங்கரையில்
மதகுக் காவலரின் மகன்.
கூட்டம் தவறாமல் அவரே சொல்வார்:
"நீரை அடைப்பவன் மூடன்.
அவிழ்த்துவிடுபவன் கொலைகாரன்.
மதகின் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றும் என்று
நான் எழுத்துக்கு முன்னால் கற்றேன்."
கைதட்டுவோம்.
எப்போது நிறுத்துவதென்று
முன்வரிசையின் கைகளைப் பார்த்துக்கொண்டே தட்டுவோம்.

மாவட்டச் செய்தித்தாளில் பிழைதிருத்துபவர்,
பிறகு மாகாணம், பிறகு தலைநகர்,
பிறகு எங்கள் தலைக்கு மேலே பன்னிரண்டாம் மாடி.
அயல்நாட்டுக் கம்பெனிக்காரர்கள்
வரவேற்பறையில் காத்திருந்த நேரத்தில்
அவர் பெயரைப் பிசகாமல் உச்சரிக்கப் பழகினார்கள்.

ஒரே ஒருநாள் என் மேசையருகே நின்றார்.
நாங்கள் தடுத்திருந்த ஆயிரம் சொற்களில்
ஒன்றில் ஒரு கோடு விட்டுப்போயிருந்தது.
சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பென்சில் எடுத்து
கோட்டைப் போட்டார்.
"தடுப்பதையாவது ஒழுங்காக எழுது."
பென்சிலின் பின்முனையில் பல் தடங்கள்.

மக்கள் அவரை மதகு என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.
மதகு துருப்பிடிச்சிருக்கு. மதகுக்கு இன்னிக்கு வயித்துவலி.
அந்தச் சொல்லையும் தட்டச் சொன்னார்கள்.
தட்டினேன்.
வரிசை எண் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு.

அந்த ஜூலையில் ஹுவாய் கரைபுரண்டது.
ஷூய்கோவில் நள்ளிரவில் திறந்துவிட்டார்கள்.
"மதகு திறந்தாச்சு, மேட்டுக்கு ஓடுங்க"
யாரோ ஒருத்தி அனுப்பிய வரி
நாற்பத்தோரு முறை
என் திரையில் சிவப்பாக வந்து நின்றது.
நிறுத்தியது இயந்திரம்தான்.
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மேலதிகாரியின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது,
எடுக்க ஆளில்லை.
நாற்பத்திரண்டாம் முறை அவள்
"அது திறந்தாச்சு" என்று எழுதினாள்.
அது போனது.
எது என்று யாருக்குப் புரிந்திருக்கும்?

ஷூய்கோ அவருடைய ஊர்.

காலையில் இறங்கி வந்தார். காலணியில் பாலிஷ் இல்லை.
எத்தனை முறை என்று கேட்டார். சொன்னேன்.
பட்டியலைப் புரட்டி அந்தச் சொல்லின் மேல்
சிவப்புப் பென்சிலை வைத்தார்.
ஒரு சொல்லை நீக்கினால்
எதிரே காரணம் எழுத வேண்டும்.
அது விதி. அவர் போட்ட விதி.
பென்சிலை எடுத்துக்கொண்டு
மின்தூக்கிக்குக் காத்திராமல் படியேறிப் போனார்.

அடுத்த வசந்தத்தில் அவர் விழுந்தார்.
கடலோரத்தில் இரண்டு வீடு,
மைத்துனன் பெயரில் பங்குகள்,
பச்சை மாணிக்கத்தில் செய்த தூரிகைத்தாங்கி ஒன்று.
குற்றப்பத்திரிகை பதினேழு பக்கம்.
தண்ணீர் என்ற சொல்
அதில் ஓரிடத்தில்கூட இல்லை.

தொலைக்காட்சியில் பார்த்தோம், ஹோங்யூவும் நானும்,
உணவுக்கூடத்தில், சூரியகாந்தி விதை கொறித்தபடி.
தலை முழுக்க நரைத்திருந்தது.
"ஐயோ, ஒரே மாசத்துல!" என்றாள்.
உள்ளே சாயம் தரமாட்டார்கள், அவ்வளவுதான் என்றேன்.
எழுதிக் கொடுத்ததைப் படித்தார்:
கட்சியின் நம்பிக்கையை, மக்களின் நம்பிக்கையை...
இரண்டாம் தாளில் சட்டென்று நின்றார்.
வலது கை மேசையைவிட்டு எழுந்து
சட்டைப்பை இருக்கவேண்டிய இடத்தைத் தொட்டது.
மனம் உடைந்துவிட்டது என்றார்கள் எல்லோரும்.
ஹோங்யூ விதையை வாயில் வைத்தபடி அழுதாள்.

எனக்குத் தெரியும்.
தாளில் ஏதோ பிழை.

மணி ஐந்து.
கையெழுத்துக்கான இடம் வெறுமையாகவே
பட்டியல் கீழ்மாடிக்குப் போகிறது.
புதியவர் இன்னும் வரவில்லை.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு
அப்படியே இருக்கிறது.
பூக்கள் குடுவையின் அடியில் தங்கிவிட்டன.
வெந்நீர் பிடிக்க எழுந்து போகிறேன்.